கணக்குச் சொல்லாத கிளை

2010 மார்ச் கடைசியில் பாரதி ஏர்டெல், ஸைன் நிறுவனத்தின் ஆப்பிரிக்கத் தொழிலை 1,070 கோடி டாலர் மதிப்பில் வாங்க ஒப்பந்தம் போட்டது. மூட்டையில் 15 நாடுகள் இருந்தன. இந்தியப் பத்திரிகைகள் நைஜீரியாவைப் பற்றி எழுதின, கென்யாவைப் பற்றி எழுதின. காபோனுக்கு ஒரு வரி கிடைத்தாலே அதிகம். ஜூன் மாதம், சொத்து கைமாறும் நேரத்தில், அந்த ஒருவரி நாடுதான் குறுக்கே நின்றது. எங்களிடம் முன் அனுமதி வாங்காமல், எங்கள் நாட்டில் எடுத்த உரிமத்தை இன்னொருவருக்கு எப்படிக் கொடுப்பீர்கள் என்று லிப்ரவில் அரசு கேட்டது. பேச்சு நடந்தது, முறைப்பு தணிந்தது, கைமாற்றமும் நடந்தது. அரசின் நோக்கம் கொள்கையா பேரமா என்ற சந்தேகம் அப்போதே இருந்திருக்கும். ஆனால் கேள்வி நியாயமானது. இந்த நிறுவனம் யாருக்குப் பதில் சொல்லும்? ஏர்டெல் காபோனை எடைபோட அதைவிடச் சரியான படிக்கல் எனக்குக் கிடைக்கவில்லை.

நாட்டைக் கொஞ்சம் பார்த்துக்கொள்வோம். காபோன் நிலநடுக்கோட்டின் மேல், அட்லாண்டிக் கரையில் கிடக்கிறது. பரப்பு ஏறத்தாழ 2.68 லட்சம் சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை 25 லட்சத்தை ஒட்டி. நிலத்தில் 88 விழுக்காடு காடு. பத்தில் ஒன்பது பேர் நகரவாசிகள். அதிலும் பெரும்பங்கு தலைநகரான லிப்ரவில்லில். எண்ணெய்ப் பட்டினமான போர்ட் ஜென்டில் நெடுங்காலம் சாலைத் தொடர்பே இல்லாமல் இருந்தது. போக வேண்டுமென்றால் படகு, இல்லையேல் விமானம். எண்ணெய், மாங்கனீசு, மரம் ஆகிய மூன்றும் சேர்ந்து ஆளுக்கு விழும் சராசரி வருமானத்தை ஆப்பிரிக்க அளவில் மிக உயரத்தில் வைத்திருக்கின்றன. அதே நாட்டில் மூன்றில் ஒருவர் வறுமைக்கோட்டுக்குக் கீழே என்று 2017ஆம் ஆண்டுக் கணக்கு சொல்கிறது. கையில் காசுள்ள, நகரத்தில் குவிந்த, எண்ணிக்கையில் சிறுத்த கூட்டம். அதைச் சுற்றி எல்லையற்ற காடு. தொலைபேசி வியாபாரிக்கு இதைவிட இனிப்பான நகரமும் இதைவிடக் கசப்பான நாட்டுப்புறமும் ஒரே உரிமத்துக்குள் கிடைக்காது.

நிறுவனம் பெயர் மாற்றியே வளர்ந்தது. சூடானில் பிறந்த மோ இப்ராஹிம் 1998இல் தொடங்கிய குழுமத்தின் கிளையாக, 2000 வாக்கில் செல்டெல் என்ற பெயரில் லிப்ரவில்லுக்கு வந்தது. 2005இல் செல்டெல் குழுமத்தையே குவைத்தின் எம்டிசி 340 கோடி டாலருக்கு வாங்கியது. எம்டிசி தன் பெயரை ஸைன் என்று மாற்றியபின், 2008இல் பலகைகளும் ஸைன் ஆயின. 2010 நவம்பரில் சிவப்பாகி ஏர்டெல் ஆயின. பத்தாண்டுக்குள் மூன்று பெயர், மூன்று முதலாளி. ஒவ்வொரு விற்பனையிலும் காபோன்காரர்கள் சந்தாதாரர் எண்ணிக்கையாக ஏலத்தில் இருந்தார்கள். வாங்குபவர் யார் என்பதைத் தீர்மானித்த மேசை ஒருமுறைகூட அந்த நாட்டில் போடப்படவில்லை.

புதிய முதலாளி ஒரு கொள்கையோடு வந்தார். இந்தியாவில் ஏர்டெல்லை வளர்த்த அந்தக் கொள்கைக்கு அவர்களே வைத்த பெயர் 'நிமிடத் தொழிற்சாலை'. கட்டணத்தை இறக்கு, பேசும் நிமிடங்கள் பெருகும், பெருகினால் ஒரு நிமிடத்துக்கான செலவு விழும், மறுபடி கட்டணத்தை இறக்கு. வலையமைப்பைப் பராமரிக்கும் வேலை எரிக்சன், நோக்கியா சீமென்ஸ் போன்றவர்களிடம், கணினி வேலை ஐபிஎம்மிடம், வாடிக்கையாளர் அழைப்புகள் வேறு நிறுவனங்களிடம் என்று குத்தகைக்குப் போயின. கணிதம் அழகானது. ஆனால் அது பிறந்தது நூறு கோடிப் பேர் வாழும், ஒரு டவர் நிழலில் பல ஆயிரம் பேர் நிற்கும் நாட்டில்.

காபோனில் அந்தக் கணிதம் முதல் படியிலேயே மூச்சுவாங்கியது. பாரதி வந்தபோதே நகரத்தில் அனேகமாக எல்லோர் கையிலும் போன் இருந்தது; பலர் கையில் இரண்டு சிம் இருந்தது. கட்டணத்தை இறக்கினாலும் புதிதாக வர ஆளே இல்லை. இருப்பவர் கொஞ்சம் கூடுதலாகப் பேசலாம், அவ்வளவுதான். செலவோ மாறாது. மின்சாரம் இல்லாத இடத்தில் டவர் டீசலில்தான் ஓடும். அந்த டீசலை மழைக்காலத்தில் சேற்றுச் சாலையில் கொண்டுபோக வேண்டும். டவரின் கீழே நிற்பவர்கள் சில நூறு பேர். நிமிடம் பெருகாத இடத்தில் நிமிடத் தொழிற்சாலை எதை உற்பத்தி செய்யும்? ஆப்பிரிக்கத் தொழில் முழுவதுமே பல ஆண்டுகள் பாரதிக்கு நட்டம் கொடுத்தது. 2015இல் புர்கினா பாசோ, சாட், காங்கோ-பிரசாவில், சியரா லியோன் ஆகிய நான்கையும் ஆரஞ்சு நிறுவனத்துக்கு விற்கப் பேச்சு நடந்து, இரண்டு மட்டும் 2016இல் கைமாறின. காபோன் அந்த விற்பனைப் பட்டியலில் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஏன் இல்லை என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

நகர்ப்புற வலையமைப்பைப் பற்றிக் குறைசொல்ல அதிகம் இல்லை. 2010களின் நடுவில் காபோன் 4ஜிக்கு மாறியபோது மத்திய ஆப்பிரிக்காவில் அது முந்திய நாடுகளில் ஒன்று. ஏர்டெல்லும் அதில் பின்தங்கி நிற்கவில்லை. 077, 074 என்று தொடங்கும் எண் என்றால் ஏர்டெல் என்று நாட்டில் சிறுபிள்ளைக்கும் தெரியும். பொதுவாக இத்தகைய நிறுவனங்கள் தங்கள் பெருமையைச் சொல்லும்போது 'மக்கள்தொகையில் இத்தனை விழுக்காட்டினருக்கு சிக்னல்' என்று சொல்வார்கள். காபோனில் அந்த விழுக்காடு ஒரு மாயக்கண்ணாடி. பத்தில் ஒன்பது பேர் நகரத்தில் என்னும்போது, லிப்ரவில், போர்ட் ஜென்டில், பிரான்ஸ்வில், ஓயெம், மோவாண்டா, லம்பரெனே ஆகிய ஊர்களையும் அவற்றை இணைக்கும் சில சாலைகளையும் சிக்னலுக்குள் கொண்டுவந்தாலே தொண்ணூறுக்கு அருகில் வந்துவிடலாம். மிச்சமிருக்கும் பத்தில் ஒருவர்தான் காட்டுக்குள் சிதறிக் கிடக்கிறார். சிக்னல் எட்டாத அந்த இடங்களை அங்கே 'ஸோன் பிளான்ஷ்', வெள்ளைப் பகுதி, என்கிறார்கள். வரைபடத்தில் வெள்ளையாக விடப்பட்ட கிராமங்களுக்கு அரசு திட்டம் போடுகிறது, ஒழுங்காற்று ஆணையம் கெடு வைக்கிறது. ஏர்டெல்லும் அதன் போட்டியாளரும் தத்தம் பங்குக்கு நகர்கிறார்கள், டவரின் செலவைக் கணக்குப் பார்த்தபடியே.

இதில் ஏர்டெல்லை மட்டும் கூண்டில் நிறுத்துவது நேர்மையாகாது. காட்டுக் கிராமத்துக்கு டவர் வைப்பது எந்தத் தனியார் கணக்கிலும் லாபம் இல்லை. அதற்காகத்தான் உரிமத்தில் நிபந்தனையும் பொதுச்சேவை நிதியும் வைக்கப்படுகின்றன. ஓர் இடத்தில் மட்டும் நிறுவனத்தின் மீது எனக்குக் குறை உண்டு. 2021 மார்ச்சில் ஏர்டெல் ஆப்பிரிக்கா மடகாஸ்கர், மலாவி நாடுகளின் டவர்களை ஹீலியஸ் டவர்ஸ் என்ற நிறுவனத்துக்கு விற்க முடிவுசெய்தது. சாட், காபோன் டவர்களுக்கும் புரிந்துணர்வு எழுதிக்கொண்டது. முதல் இரண்டும் நிறைவேறின. பின் இரண்டும் கைகூடவில்லை. பொதுவான ஒரு டவர் நிறுவனம் வந்திருந்தால், ஒரே டவரில் இரண்டு நிறுவனங்களும் ஆன்டெனா மாட்டலாம். காட்டோரக் கிராமத்துச் செலவு பாதியாகும். விற்பனை முறிந்தபோது பகிர்வும் ஏன் முறிந்திருக்க வேண்டும்? எதிராளியோடு டவரைப் பகிர்ந்துகொள்ள விற்பனை தேவையில்லை, மனம் போதும்.

அந்த எதிராளி யார் என்று பார்த்தால் கதை இன்னும் சிக்கலாகும். ஒரு காலத்தில் காபோனில் நான்கு நிறுவனங்கள் இருந்தன: அரசுத் தொலைபேசியின் பிள்ளையான லிபெர்டிஸ், மூவ், செல்டெல் வழிவந்த ஏர்டெல், 2009இல் வந்த அஸூர். அரசுத் தொலைபேசியான காபோன் டெலிகாமின் 51 விழுக்காட்டை 2007இல் மரோக் டெலிகாம் வாங்கியது. 2015இல் அதே மரோக் டெலிகாம் மூவையும் தன் கைக்குள் கொண்டுவந்து, அடுத்த ஆண்டு இரண்டையும் ஒன்றாக்கியது. அஸூர் தேய்ந்து காணாமல் போனது. நான்கு இரண்டானது. இப்போது ஒரு பக்கம் மரோக் டெலிகாமின் கட்டுப்பாட்டிலும் காபோன் அரசின் பங்கிலும் உள்ள 'மூவ் ஆப்பிரிக்கா காபோன் டெலிகாம்'; மறுபக்கம் ஏர்டெல். நடுவில் 2012இல் உருவான ஆர்செப் என்னும் ஒழுங்காற்று ஆணையம். அந்த ஆணையத்தை நியமிக்கும் அரசே போட்டியாளர்களில் ஒருவரின் பங்குதாரர்.

வெளியிலிருந்து பார்த்தால் ஏர்டெல் இங்கே அநியாயம் இழைக்கப்பட்டவர் போலத் தெரியும். நடுவரின் வீட்டுப் பிள்ளையோடு பந்தயம் ஓடுபவர் அல்லவா! கடலடிக் கேபிள் விஷயத்தில் அது உண்மையும்கூட. 2002இல் லிப்ரவில்லில் கரையேறிய சாட்-3 கேபிள் அரசுத் தொலைபேசியின் கையில் இருந்தது. வெளியுலக இணையத்துக்குப் போகும் வாசலுக்குக் காவலர் போட்டியாளரே. பின்னர் ஏஸ் கேபிள் வந்தது. உலக வங்கியின் துணையோடு மத்திய ஆப்பிரிக்க முதுகெலும்புத் திட்டத்தில் உள்நாட்டு ஃபைபர் போடப்பட்டது. வாசல் அகன்றது. ஆனால் இருவர் மட்டுமே உள்ள சந்தையில் யாரும் நெடுநாள் பாதிக்கப்பட்டவராக இருப்பதில்லை. ஒருவர் விலையை உயர்த்தினால் மற்றவர் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருவர் தரம் குறைந்தால் மற்றவருக்கு அவசரமில்லை. ரகசிய உடன்பாடு தேவையில்லை, பொறுமை போதும். அஸூர் போன பிறகு ஏர்டெல்லுக்கு நகரத்தில் பயப்பட ஒரே ஒருவர்தான். அவருக்கும் ஏர்டெல் ஒன்றுதான்.

இந்த இடத்தில்தான் ஏர்டெல்லின் உண்மையான சாதனை வருகிறது. அதற்கும் டவருக்கும் நேரடிச் சம்பந்தம் குறைவு.

லிப்ரவில்லின் மாபான்களில், அதாவது பள்ளத்திலும் சரிவிலும் நெருக்கியடித்த குடியிருப்புகளில், வங்கிக் கிளை கிடையாது. காபோன் வங்கிகள் எண்ணெய் நிறுவனத்தையும் மாதச் சம்பளக்காரரையும் பார்த்துப் பழகியவை. சந்தையில் மரவள்ளி விற்கும் பெண்ணும், கட்டடத்தில் வேலைபார்க்கும் மாலிக்காரரும், கேமரூனிலிருந்து வந்து துணிக்கடை போட்டவரும் அவற்றின் கண்ணில் படவில்லை. ஏர்டெல் மணி பார்த்தது இவர்களைத்தான். தெருமுனையில் ஒரு குடை, ஒரு மேசை, ஒரு ஏஜென்ட். ரொக்கத்தைக் கொடுத்தால் போனில் ஏறும். நட்சத்திரக் குறியில் தொடங்கும் ஓர் எண்ணை அழுத்தினால் வேறு ஊரில் இருக்கும் அம்மாவின் போனுக்குப் போகும். இணையம் வேண்டாம், விலையுயர்ந்த போன் வேண்டாம். பொத்தான் போன் போதும்.

அதோடு நிற்கவில்லை. காபோனில் மின்சாரமும் தண்ணீரும் தருவது எஸ்இஇஜி. அதன் முன்கட்டண மீட்டருக்கு 'எடான்' என்று பெயர். எடான் தீர்ந்தால் வீடு இருட்டு. முன்பெல்லாம் அதை ஏற்ற ஒரு கவுன்டரைத் தேடிப் போக வேண்டும். இன்று படுக்கையில் இருந்தபடி ஏர்டெல் மணியில் வாங்கி, வரும் எண்களை மீட்டரில் அடித்துவிடலாம். கனால் பிளஸ் தொலைக்காட்சிச் சந்தாவும் அப்படியே. பேருந்துக் கட்டணத்துக்குக் கைமாற்று கேட்டு வரும் தம்பிக்கும் அப்படியே. ஒரு குடும்பத்தின் அன்றாடச் செலவு ஒரே எண்ணுக்குள் அடங்கியது. உலக வங்கியின் 2021 ஃபின்டெக்ஸ் ஆய்வில், வங்கிக் கணக்கு வைத்திருப்பவரைவிட அலைபேசிப் பணக் கணக்கு மட்டும் வைத்திருப்பவர் அதிகமாக உள்ள நாடுகள் உலகில் 11 என்று வந்தது. எல்லாமே சகாராவுக்குத் தெற்கே உள்ளவை. காபோன் அவற்றில் ஒன்று. மத்திய ஆப்பிரிக்கப் பணவட்டாரத்தில் இது சின்ன விஷயம் இல்லை. நூறாண்டு வங்கித் தொழில் செய்யாததை ஒரு சிம் கார்டு பத்தாண்டுக்குள் செய்தது. இந்தப் பகுதியில் ஏர்டெல் காபோனுக்கு நான் தயங்காமல் முதல் தரம் கொடுப்பேன்.

முதல் தரம் கொடுத்துவிட்டு அதே இடத்திலேயே ஒரு கேள்வியும் வைக்க வேண்டியிருக்கிறது. கட்டணம் கூடினாலோ சிக்னல் விட்டுப்போனாலோ வாடிக்கையாளர் அடுத்த சிம்முக்குப் போவார். அந்த அச்சம்தான் நிறுவனத்தை நேராக வைத்திருக்கும். போனுக்குள் பணம் வந்த பிறகு அந்தப் போக்கு மாறியது. எண்ணை விட்டால் பணக் கணக்கை விட வேண்டும். அனுப்புகிற ஊர்க்காரர், வாங்குகிற கடைக்காரர், சம்பளம் போடுகிற முதலாளி எல்லோரும் அந்த எண்ணைத்தான் அறிவார்கள். பெரிய பணப்பை யாருடையதோ, அவருடைய சிம்தான் பிடிக்கும். சின்னப் பணப்பைக்காரர் கட்டணத்தை எவ்வளவு இறக்கினாலும் பயனில்லை. ஏழைக்குக் கதவு திறந்த அதே கருவி, போட்டிக்குக் கதவைச் சாத்தியது.

இதைக் கண்டுகொண்டது காபோனின் தொலைத்தொடர்பு ஆணையம் அல்ல. நாணயத்தைக் காக்கும் பிராந்திய வங்கிதான். காபோன், கேமரூன், சாட், காங்கோ, மத்திய ஆப்பிரிக்கக் குடியரசு, ஈக்குவட்டோரியல் கினி ஆகிய ஆறு நாடுகளுக்கும் ஒரே நாணயம், ஒரே மத்திய வங்கி. 2018 டிசம்பரில், இந்த ஆறு நாடுகளின் கூட்டமைப்பான செமாக் கொண்டுவந்த விதிமுறை, பணச்சேவையைத் தொலைபேசியிலிருந்து பிரித்துத் தனி நிறுவனமாக்கச் சொன்னது. 2020இல் ஜிமாக் என்ற பிராந்திய அமைப்பின் வழியே ஒரு பணப்பையிலிருந்து இன்னொன்றுக்கு, வங்கிக்கு, எல்லை தாண்டிய நாட்டுக்கு அனுப்பும் வழி திறந்தது. இன்று ஏர்டெல் எண்ணிலிருந்து மூவ் எண்ணுக்குப் பணம் போகும் என்றால் அந்தப் பெருமை யாவுண்டேவில் உள்ள மத்திய வங்கிக்குச் சேர வேண்டும். ஏர்டெல் அதை முன்வந்து கேட்டதாகத் தெரியவில்லை. முன்னணியில் இருப்பவர் யாரும் கேட்க மாட்டார்கள்.

காபோனை ஏன் விற்கவில்லை என்ற பழைய கேள்விக்கு வருவோம். விடை நாணயத்தில் இருக்கிறது என்பது என் கணிப்பு. சிஎஃப்ஏ பிராங்க் யூரோவோடு 655.957க்கு ஒன்று என்று கட்டப்பட்டது. ஏர்டெல் ஆப்பிரிக்காவின் மிகப் பெரிய சந்தை நைஜீரியா. 2023இல் நைரா சரிந்தபோது, ஏறத்தாழ 500 கோடி டாலர் வருவாய் பார்த்த குழுமமே 2024 மார்ச்சில் முடிந்த ஆண்டில் 8.9 கோடி டாலர் நட்டம் காட்டியது. அப்படி ஆடும் படகில் யூரோவோடு கட்டிய சிறு சந்தைகள் அடிப்பாரம் போல உதவும். காபோன் வாடிக்கையாளர் கொடுக்கும் பிராங்க் மதிப்பிழக்காமல் வெளியே போகும். சிறியது, நிலையானது, கையில் காசுள்ள நகரத்தவர் நிறைந்தது: விற்கக்கூடாத சொத்து.

அந்தச் சொத்தில் எவ்வளவு விளைகிறது என்று காபோன்காரர் தெரிந்துகொள்ள முடியுமா? 2019 ஜூனில் லண்டன் பங்குச் சந்தையில் பட்டியலான ஏர்டெல் ஆப்பிரிக்கா கணக்கை ஒழுங்காகத்தான் வெளியிடுகிறது. நைஜீரியா தனியாக வரும். கிழக்கு ஆப்பிரிக்கா தனியாக வரும். பிறகு 'பிரெஞ்சு ஆப்பிரிக்கா' என்று ஒரு கட்டம். அதற்குள் காங்கோ ஜனநாயகக் குடியரசு, சாட், நைஜர், மடகாஸ்கர், காங்கோ, காபோன் எல்லாம், கூடவே இந்தியப் பெருங்கடலின் சீஷெல்ஸும். பத்துக் கோடிக்கு மேல் மக்கள் உள்ள காங்கோ ஜனநாயகக் குடியரசுக்கு அருகே 25 லட்சம் மக்கள் உள்ள காபோனைக் கலந்துவிட்டால், காபோனில் எவ்வளவு லாபம், எவ்வளவு முதலீடு, பணச்சேவையில் எவ்வளவு கட்டணம் என்பதை முதலீட்டாளர் அறிக்கையிலிருந்து யாரும் பிரித்தெடுக்க முடியாது. 2021இல் ஏர்டெல் மணியை 265 கோடி டாலர் மதிப்பில் கணக்கிட்டு டிபிஜி, மாஸ்டர்கார்டு போன்றவர்கள் பங்கு வாங்கினார்கள். அந்த மதிப்பில் மாபான்களின் ஏஜென்ட் மேசைகளுக்கு எவ்வளவு பங்கு என்று கேட்டால் பதில் எந்தப் பக்கத்திலும் இல்லை. சட்டப்படி இதில் தவறில்லை. பங்குச் சந்தை கேட்பதை நிறுவனம் கொடுக்கிறது. ஆனால் ஒரு நாட்டின் பாதிப் பேச்சையும் பெரும்பகுதிச் சில்லறைப் பணத்தையும் சுமக்கும் நிறுவனம் அந்த நாட்டுக்குத் தனிக் கணக்குச் சொல்லாதது பெரிய குறை. ஆணையத்தின் கையில் எண்கள் இருக்கும். மக்களின் கையில் இல்லை.

கணக்கைவிடக் கடினமான சோதனை தேர்தல்.

2016 ஆகஸ்ட் 31 அன்று காபோன் அதிபர் தேர்தல் முடிவு வெளியானது. பதவியில் இருந்த அலி போங்கோ 49.80 விழுக்காடு, எதிர்த்து நின்ற ஷான் பிங் 48.23. போங்கோ குடும்பத்தின் சொந்த மாகாணமான ஓ-ஒகோவேயில் 99.93 விழுக்காடு வாக்குப்பதிவு, அதில் 95க்கு மேல் போங்கோவுக்கு. நாடாளுமன்றக் கட்டடம் எரிந்தது. அன்றிரவே இணையம் நின்றது. சில நாள் முழு இருட்டு. அதன்பின் வாரக்கணக்கில் இரவானால் இணையம் இல்லை, விடிந்தால் உண்டு என்ற வினோத ஊரடங்கு. 2023 ஆகஸ்ட் 26 அன்று மறுபடி தேர்தல், மறுபடி அதே இருட்டு. வன்முறைக்கான அழைப்புகளையும் பொய்ச் செய்தியையும் தடுக்கவே என்று அமைச்சர் தொலைக்காட்சியில் அறிவித்தார். 30ஆம் தேதி விடியலில் போங்கோவுக்கு 64.27 விழுக்காடு என்று முடிவு சொன்னார்கள். சொன்ன கொஞ்ச நேரத்தில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. இணையம் திரும்பியது. வீட்டுக் காவலில் இருந்த போங்கோ, குரல் எழுப்புங்கள் என்று உலக நண்பர்களைக் கெஞ்சும் காணொளி அதே இணையத்தில்தான் பரவியது. நான்கு நாள் முன்பு அதை மூடிய ஆட்சியின் தலைவர் அவர்.

ஏர்டெல் என்ன செய்திருக்க முடியும்? உரிமம் அரசு கொடுத்தது. மறுத்தால் உரிமம் போகும், அதிகாரிகள் சிறைக்குப் போகலாம். வேலைக்காரர்களின் தலையைப் பணயம் வைக்கும்படி லண்டனிலோ டெல்லியிலோ இருப்பவரைக் கேட்க எனக்கு உரிமை இல்லை. போட்டியாளரும் அரசுப் பங்குள்ளவர். தனியாக எதிர்த்து நிற்பதும் பயன்படாது. ஆகவே அணைத்ததற்காக நான் ஏர்டெல்லைத் தண்டிக்கவில்லை.

அணைத்த விதத்துக்குத்தான் மதிப்பெண் போகிறது. 2019 ஜனவரியில் ஜிம்பாப்வே அரசு இணையத்தை நிறுத்தச் சொன்னபோது, அங்குள்ள ஈகோநெட் நிறுவனம் வாடிக்கையாளர்களுக்கு நேரடியாகச் செய்தி அனுப்பியது: எங்களுக்கு இப்படியோர் ஆணை வந்தது, வழக்கறிஞர் ஆலோசனைப்படி கீழ்ப்படிகிறோம், சட்டப்பூர்வமா என்பதை நீதிமன்றம் சொல்லட்டும் என்று. சில நாளில் உயர் நீதிமன்றம், ஆணையிட்ட அமைச்சருக்கு அந்த அதிகாரமே இல்லை என்று தீர்ப்பளித்தது. ஆணையைக் காட்டியதால்தான் அதை எதிர்க்க முடிந்தது. மேற்கு ஆப்பிரிக்காவில் 2020இல் எக்கோவாஸ் கூட்டமைப்பின் நீதிமன்றம் டோகோவின் இணைய முடக்கம் சட்டவிரோதம் என்றது. காபோன் எக்கோவாஸில் இல்லை. அதன் குடிமக்களுக்கு அந்த நீதிமன்றத்தின் கதவு கிடையாது. அப்படியானால் நிறுவனத்தின் கையில் இருக்கும் காகிதத்தின் மதிப்பு இன்னும் கூடுகிறது. எந்தச் சட்டப் பிரிவு, யார் கையெழுத்து, எத்தனை நாள் என்ற மூன்று வரியை 2016இலோ 2023இலோ தன் வாடிக்கையாளருக்கு அனுப்பியதாக ஏர்டெல் காபோனின் வரலாற்றில் நான் எங்கும் பார்க்கவில்லை. இன்னொன்றையும் எண்ணிப் பார்க்கலாம். இணையத்தை மட்டும் நிறுத்தினால், நட்சத்திரக் குறியில் ஓடும் பணச்சேவை நிற்க வேண்டிய தொழில்நுட்பக் காரணம் இல்லை. அதாவது நிறுவனத்தின் மிக விலையுயர்ந்த பகுதி இருட்டுக்கு வெளியே இருக்க முடியும். எதிர்ப்பதற்கான வணிகக் காரணம் அந்த அளவுக்குக் குறைகிறது.

ஆக, என் தீர்ப்பு இப்படி விழுகிறது. வணிக நிறுவனமாக ஏர்டெல் காபோன் தேறியது. தனக்குப் பொருந்தாத கொள்கையோடு வந்து, பொருந்துவதைக் கண்டுபிடித்துப் பிழைத்துக்கொண்டது, அதுவும் சொந்தத் திறமையால். பணச்சேவையாக நாட்டின் வங்கிகளையே வெட்கப்பட வைத்தது. வலையமைப்பாக நகரத்துக்கு உரியதைச் செய்தது, காட்டுக்குக் கட்டாயப்படுத்திய அளவு செய்தது. இந்தக் குறையில் பாதி அரசுக்கும் ஆணையத்துக்கும் சேரும். பொறுப்பு என்ற நான்காவது தாளில் தோற்றது. காபோனில் அது வகிக்கும் இடம் ஒரு மின்வாரியத்தின் இடம், ஒரு தபால் சேமிப்பு வங்கியின் இடம். கணக்குச் சொல்வதோ தொலைதூரக் கிளைக்கடையின் தோரணையில். நான்கில் மூன்று தேறினால் போதாதா என்று கேட்பவர்களுக்கு: போட்டியாளர் ஒருவரே உள்ள சந்தையில் மற்ற மூன்றையும் நேராக வைத்திருப்பது இந்த நான்காவது மட்டும்தான்.

சரிசெய்வது பெரிய வேலையும் இல்லை. 2025 மே மாதம் ஏர்டெல் ஆப்பிரிக்கா, தன் சந்தைகளில் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் சேவையைக் கொண்டுவர ஸ்பேஸ்எக்ஸுடன் கைகோத்தது. ஃபைபர் போகாத காட்டுக் கிராமத்து டவருக்கு வானத்திலிருந்து இணைப்பு தரும் காலம் வருகிறது. எட்டாத தூரம் என்ற பழைய சாக்கில் ஒரு பகுதி இனிச் செல்லாது. அதற்கு மூலதனம் வேண்டும், ஒப்புதல் வேண்டும், காலம் வேண்டும். காபோனுக்கென்று ஆண்டுதோறும் ஒரு பக்கத் தனிக் கணக்கை வெளியிட எதுவும் வேண்டாம். அடுத்த முறை இணையத்தை நிறுத்து என்று ஆணை வந்தால், அதன் நகலை 077 எண்கள் அத்தனைக்கும் குறுஞ்செய்தியாக அனுப்ப இணையம்கூட வேண்டாம்.